காயவிடுவதும் அருளா?

சைவ சித்தாந்தம் படிக்கிற எவரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். இறைவன் செய்யும் தொழில் ஐந்து என்பார்கள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். முதல் மூன்றும் ஊருக்கே தெரிந்தவை. ஐந்தாவதை வேண்டித்தான் எல்லாரும் கும்பிடுகிறோம். நான்காவதுதான் தொண்டையில் சிக்குகிறது. கொடுக்க முடிந்தவன் கொடுக்காமல் நிற்பது, தெரியக்கூடியவன் தெரியாமல் ஒளிந்துகொள்வது, இதை எந்தக் கணக்கில் அருள் என்று எழுதுவது? வாரம் ஒருமுறை சித்தாந்த வகுப்பு நடத்தும் ஐயாவிடம் இதைக் கேட்டபோது நூலில் இருக்கும் விடையைச் சொன்னார். உயிரை மறைத்து ஒட்டியிருக்கும் ஆணவ மலம் பழுக்கிற வரைக்கும் மறைத்தல் நடக்கும். பழுத்தபின் மறைத்தவனே வெளிப்படுவான். விடை எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்தது மனசில் ஊன்றியது என் தொழிலில், தென்னை நார்த்தூளைக் கையில் அளைந்துகொண்டிருந்தபோதுதான்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் குழித்தட்டு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, பருவத்துக்கு ஏற்பக் காலிஃபிளவர். நிழல்வலைக்குக் கீழே கறுப்புத் தட்டுகள் வரிசையாக இருக்கும். நீளவாக்கில் 14 குழி, அகலவாக்கில் 7, ஆகத் தட்டுக்கு 98. ஒரு கட்டைவிரல் நுழையும் குழிக்குள் நார்த்தூள், அதற்குள் ஒரே ஒரு விதை. மண் என்ற பேச்சே கிடையாது. தக்காளி 25 நாளில் வயலுக்குப் போய்விடும். மிளகாய் 35 நாள், குளிர்காலமானால் 40கூட ஆகும்.

தூள் பொள்ளாச்சியிலிருந்து 5 கிலோ கட்டிகளாக வருகிறது. தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கான நாரை உரித்தெடுத்த பிறகு உதிர்கிற மிச்சம் அது. நார் ஆலைகளுக்குப் பின்னால் மலைமலையாகக் குவிந்து கிடந்து, மழை பெய்தால் சாயமாக வழிந்து, யாருக்கும் வேண்டாத குப்பையாக இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இன்று நாற்றுக்காரர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. தன் எடையைப்போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு பிடித்த பிறகும் வேர் மூச்சுவிடக் காற்றுக்கு இடம் வைத்திருக்கும். ஆனால் அதில் சோறு இல்லை. செடிக்கு எட்டும்படியான தழைச்சத்தோ சுண்ணாம்புச்சத்தோ ஏறக்குறையக் கிடையாது. சாம்பல்சத்தும் உப்பும் மட்டும் தேவைக்கு மேல் இருக்கும். மண்ணில் விதைத்தவன் ஒரு நாள் மறந்தாலும் மண் பார்த்துக்கொள்ளும். நார்த்தூளில் விதைத்தவன் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை.

சித்தாந்தத்தில் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கு சொல்வார்கள். உடம்பு, மனம் முதலான கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள். இவற்றை மாயையிலிருந்து எடுத்து உயிருக்குக் கூட்டிக் கொடுப்பவன் இறைவன். மாயை இங்கே வெறும் தோற்றமல்ல, உள்ள பொருள். உயிர் நிற்பதற்கும் அசைவதற்கும் கொடுக்கப்பட்ட பற்று. அது உயிருக்கு உணவாகாது. எங்கள் தொழிலில் தூள் செய்யும் வேலை இதுதான். நாற்றைப் பிடித்து நிறுத்தும், ஈரத்தைத் தேக்கும், வேர் ஓட வழி விடும். ஊட்டுவது வேறொரு கை.

அந்தத் தூளை அப்படியே விதைக்கப் பயன்படுத்த முடியாது. கட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் பொங்கி எழும்பும். முதல் அலசலில் வடிகிற தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். உப்புக் கழியும்வரை அலச வேண்டும். அதன்பின் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் மறுபடி அலசி வடிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை வீண் செலவு என்று விடுகிறவர்கள் உண்டு. விட்டால் நடப்பது இது: நாம் ஊற்றும் உரத்தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் முதலில் தூள் பிடித்துக்கொள்ளும், தான் அதுவரை ஒட்டி வைத்திருந்த சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பதிலுக்கு அவிழ்த்துவிடும். வேருக்கு ஒரு மயிரிழை தூரத்தில் சத்து இருக்கும், செடியோ பசியில் நிற்கும். புதுத் தளிரின் நுனி கருகிச் சுருண்டு வரும். பார்க்கிறவன் உரம் போடவில்லை என்பான். உரம் போட்டாயிற்று, நடுவில் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டது.

நான் வேண்டியது எனக்குக் கிடைக்காதபோது, கொடுப்பவன் கையை மூடிவிட்டான் என்று உடனே முடிவு கட்டாமல் இருக்க இது எனக்குப் போதுமான காரணம். கொடுத்தது என்னிடம் சேராதபடி எனக்குள்ளேயே எது எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்க்கத் தோன்றும். ஆணவத்தைப் பற்றி நூல்கள் சொல்வதும் இதுதான். அது உயிரோடு என்றைக்கும் ஒட்டியே இருப்பது. அருள் இல்லாமல் போகவில்லை, ஒட்டியிருப்பது விலகவில்லை. இதை நான் என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடுத்தவரைப் பற்றிச் சொல்ல வந்தால் அது வேறு பேச்சு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

விதைத்த தட்டுகளை முதல் நாலைந்து நாள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் சுற்றி இருட்டில் வைக்கிறோம். ஈரமும் சூடும் உள்ளே நிற்க வேண்டும். வெளிச்சம் வேண்டாம், உரமும் வேண்டாம். தனக்கு வேண்டியதை விதை தனக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அது தீர்வதற்குள் ஊட்டப் போனால் கெடுதல்தான். இந்த மூடுதலில் நாள் தவறக் கூடாது. முளை தலைகாட்டியதும் பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப் பிரித்தால் முளை வெளிச்சம் தேடி நீண்டு, வெளுத்து, நூலாகிச் சாயும். அதன்பின் எதை ஊற்றினாலும் அந்தத் தண்டு திரளாது. அதனால் தாளைப் பிரிக்கும் நாள் நெருங்கினால் காலையில் முதல் வேலையாக அடுக்கின் நடுத்தட்டை உருவிப் பார்ப்பேன். மறைத்து வைத்தவளுக்கு அந்த வேலை உண்டு.

முதல் உண்மையிலை விரிந்த பிறகுதான் உரத்தண்ணீர். அதுவும் மிக இளக்கமாக. கரைசலின் மின்கடத்துத்திறன் பார்க்கும் மீட்டர் வைத்திருக்கிறேன், தொடக்கத்தில் 0.5ஐ ஒட்டி, போகப்போக 1, அதற்குச் சற்று மேல். பண்ணைகளில் வழக்கமாகக் கொடுப்பது 19:19:19 கரையும் உரம். கூட ஒரு பிடி போட்டால் வேகமாக வளரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கரைசல் கடுமையானால் வேர் அதைக் குடிக்க முடியாது. வேருக்குள் இருக்கும் தண்ணீரே வெளியே இழுக்கப்படும். தூள் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும், நாற்று அதில் நின்றபடியே வாடும். சத்திநிபாதம், அதாவது உயிரில் அருள் பதிவது, எல்லா உயிருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு படி உண்டு என்று படிக்கும்போது இதை ஓர வஞ்சனை என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. முதல் வார முளைக்கு மூன்றாம் வாரக் கரைசலை ஊற்றுவதில் எந்தச் சமத்துவமும் கிடையாது.

தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் பண்ணையில் தண்ணீர் விடுவது ஓர் அக்கா. என்னைவிட மூத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். நார்த்தூளில் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு: மேல்தூள் சீக்கிரம் காய்ந்து வெளிறிவிடும், அடியில் ஈரம் நிற்கும். கண்ணை நம்பி ஊற்றினால் வேர் அழுகும், பூசணம் பிடிக்கும், தண்டு தரையோடு இற்று ஒரே இரவில் பாதித் தட்டு சாய்ந்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் எல்லாரும் மேலே வெளிறியதைப் பார்த்துப் பதறிப் பூவாளியைத் தூக்குவார்கள். அக்கா தடுப்பார். “மேல காஞ்ச மாதிரித்தான் தெரியுங் கண்ணு. தூக்கிப் பாரு.” தட்டின் ஒரு மூலையை இரண்டு விரலால் உயர்த்தி எடை பார்ப்பார். கனம் இருந்தால் அடுத்ததற்கு நகர்வார். மேடையின் ஓரத் தட்டுகள் காற்றுக்கு முந்திக் காயும், நடுவில் இருப்பவை பிந்தும். ஒரே தட்டில்கூட ஓரக் குழி வேறு, நடுக்குழி வேறு. ஊற்றும்போது அடித்துளையில் தண்ணீர் சொட்டும்வரை ஊற்றுவார். இல்லாவிட்டால் உப்புத் தங்கும். காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார். குழாயில் வெயிலில் சுட்டுக் கிடந்த தண்ணீரை முதலில் தரையில் விட்டு, கையில் பிடித்துக் குளிர்ந்த பிறகே தட்டுப் பக்கம் திருப்புவார்.

இரண்டு தண்ணீருக்கு நடுவே தட்டு கொஞ்சம் லேசாக வேண்டும். ஏன் என்று நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும். எப்போதும் சொதசொதவென்று இருந்த குழியில் வேர் மேலேயே நாலு இழையோடு நின்றுவிடும். தேடவேண்டிய தேவை அதற்கு இல்லை, காற்றும் இல்லை. ஈரம் வற்றி வற்றி நனைந்த குழியில் வேர் சுவரோரமாக இறங்கி, அடித்துளையைத் தொட்டு, வெள்ளை வெளேரென்று தூளைப் பின்னிக் கட்டியிருக்கும். தண்டைப் பிடித்து உருவினால் ஒரு துளி உதிராமல் முழுக்கட்டியாக வெளியே வரும். நாங்கள் விற்பது அந்தக் கட்டியைத்தான். இலையைப் பார்த்து வாங்குபவர் புதியவர். பழைய விவசாயி ஒரு நாற்றை உருவி வேரைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்.

நெடுநாள் எனக்கு ஒரு முடிச்சு இருந்தது. பக்குவம் வந்தால் அருள் வரும் என்கிறார்கள். பக்குவம் எதனால் வரும்? உயிர் தானாகப் பழுக்கும் என்றால் இறைவன் எதற்கு? அவனே பழுக்கவைக்கிறான் என்றால், பழுக்காதவன்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? சித்தாந்தம் இதற்குச் சொல்லும் விடை நுட்பமானது. திரோதான சத்தி என்று ஒன்று உண்டு. அதுவும் அவன் சத்தியே, அருளே. ஆனால் அது மலத்தோடு கூட நின்று, மலத்தைத் தொழிற்படுத்தி, அதன் வலி தீரச் செய்கிறது. மலத்தோடு நிற்பதால் அதையும் மலங்களில் ஒன்றாக எண்ணி ஐந்து மலம் என்பார்கள். அருளுக்கு மலம் என்று பெயர் வாங்கிக் கொடுத்த வேலை அது. வேரைப் பார்த்தபின் எனக்கு இந்த இடம் திறந்தது. குடிக்கிற வேரை உண்டாக்கியது தண்ணீரும் தண்ணீரில்லாத இடைவெளியும் சேர்ந்துதான். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தன. வாங்கும் தகுதி முன்னே, கொடுப்பது பின்னே என்று பிரிக்க அங்கே வழியில்லை. கொடுத்த முறையே தகுதியாகிறது.

வயலுக்கு அனுப்பும் கடைசி வாரத்தில் இன்னும் கடுமையாக இருப்போம். ஹார்டனிங் என்றே பண்ணைகளில் சொல்வோம். உரத்தை நிறுத்துவோம். தண்ணீரைக் குறைப்போம்; பகலில் இலை சற்றுத் துவளும்வரை காத்திருந்து கொடுப்போம். நிழல்வலையைச் சுருட்டி வெயிலைக் காட்டுவோம். பச்சை இளம் இலை கருத்துத் தடிக்கும். தண்டில் ஊதா ஓடும். தொட்டால் முன்பு துணிபோல் இருந்த இலை இப்போது முறமுறக்கும். இதைச் செய்யாமல் நிழலிலிருந்து நேராக நடவுக்குப் போன நாற்று, பங்குனி வெயிலில் நட்ட அன்றே சுருண்டு விழும்.

கூத்தப்பெருமான் திருமேனியில் ஐந்தொழிலும் எங்கெங்கே இருக்கிறது என்று ‘உண்மை விளக்கம்’ விளக்குகிறது. துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, ஏந்திய தீயில் அழிப்பு, தூக்கிய திருவடியில் அருள். மறைத்தல் எங்கே? ஊன்றிய திருவடியில். எல்லாரும் தூக்கிய காலைப் பார்த்துக் கும்பிடுகிறோம். ஆனால் ஊன்றிய கால் இல்லாமல் மற்றது எழும்ப முடியாது. ஆடுகிறவனின் முழு பாரமும் அதில்தான் இருக்கிறது. மறைத்தலை அவன் தூர நின்று செய்யவில்லை, தன் எடை முழுவதையும் அதன்மேல் வைத்துச் செய்கிறான் என்றே நான் இதை வாங்கிக்கொள்கிறேன். தண்ணீரை நிறுத்திய வாரத்தில்தான் தட்டுகளுக்கு நடுவே அதிகம் நடக்கிறேன். ஊற்றுகிற நாட்களில் காலையில் ஒரு சுற்று. நிறுத்திய நாட்களில் பத்து மணிக்கு, உச்சிக்கு, மூன்று மணிக்கு என்று கால் ஓயாது. துவளுதல் எங்கே தொடங்குகிறது, எந்தத் தட்டு தாங்கும், எது தாங்காது என்பதைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தவறினால் துவண்டது நிமிராது.

செடிகளை உயிர் என்று வைத்து இவ்வளவு பேசுவது சித்தாந்தத்துக்குப் புறம்பல்ல. பிறவி வகைகளை எண்ணும்போது தாவரத்தையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். உமாபதி சிவாசாரியாரைப் பற்றி வழங்கும் கதையில் முத்தி பெறுவதே ஒரு செடிதான். சித்தாந்த சாத்திரம் பதினான்கில் எட்டை எழுதியவர் அவர். அவற்றில் ‘சங்கற்ப நிராகரண’த்தின் காலக் குறிப்பு 1313ஆம் ஆண்டைக் காட்டுகிறது. தில்லைக்குப் பக்கத்தில் கொற்றவன்குடியில் இருந்தார். மடத்துக்கு விறகு கொண்டுவந்து போட்ட பெற்றான் சாம்பானுக்கு அவர் முத்தி கொடுத்தார். அவன் ஒளியாகக் கலந்தான். மனைவி அரசனிடம் முறையிட்டாள். அரசன் வந்து கேட்டபோது, அங்கே நின்ற ஒரு முள்ளிச் செடிக்கு அவர் அவ்வாறே முத்தி கொடுத்துக் காட்டினார் என்பது கதை. அபிடேக நீர் வழிந்தோடும் இடத்தில் நின்று அதைக் குடித்தே அந்த முள்ளி பக்குவப்பட்டிருந்தது என்று சொல்வார்கள். யாரும் அதற்கென்று ஊற்றவில்லை. பூசைக்கு ஊற்றியது வழிந்தது, அவ்வளவுதான். எங்கள் மேடைகளுக்கு அடியிலும் தட்டின் துளைகளில் சொட்டும் உரத்தண்ணீரைக் குடித்துக் குப்பைமேனியும் கீரையும் நாற்றைவிடச் செழிப்பாக நிற்கும். களை எடுக்கும்போது அந்த முள்ளி நினைவுக்கு வராமல் இருக்காது. அளந்து கொடுத்தது ஒரு பக்கம். அளவில்லாமல் வழிந்ததைப் பெற்று முந்திக்கொண்டது இன்னொரு பக்கம். அருளுக்கு நான்கு படி என்று எழுதிய மரபுதான் இந்தக் கதையையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் அந்த மரபை நேசிப்பதற்கு இது ஒரு காரணம்.

இதுவரை சொன்னதெல்லாம் கொள்கைக்குச் சாதகம். இனிச் சொல்வதைச் சொல்லாவிட்டால் நான் எழுதியதற்கே அர்த்தமில்லை.

எங்களிடம் வேலை செய்த ஒரு பெண்ணின் மகன் காய்ச்சலில் போய்விட்டான். துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர், படித்தவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர், அவளிடம் ஆண்டவன் உன்னைச் சோதிக்கிறான், பக்குவப்படுத்துகிறான் என்றார். அவர் கெட்ட மனிதரல்ல. ஆறுதல் என்று நினைத்தே சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: “அம்மிணி, நான் இன்னும் என்னத்துக்குங்க பழுக்கோணும்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த உறவினர் சொன்னது ஏன் தவறு என்பதை என் தொழிலைக்கொண்டே என்னால் சொல்ல முடியும். காயவிடுவது நான் செய்யும் வேலைதான். ஆனால் எந்தத் தட்டில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று தெரியாதவர் அதைச் செய்யக் கூடாது. வந்து பார்த்துக்கொண்டே இருக்க முடியாதவர் செய்யக் கூடாது. எந்த மணிக்கு நிறுத்த வேண்டும் என்று தெரியாதவரும், நிறுத்தும் நேரத்தில் கையில் தண்ணீர் இல்லாதவரும் செய்யக் கூடாது. அவளுக்கு என்ன தாங்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. மறுநாள் அவர் அங்கே இல்லை. அறிய முடியாத ஒன்றை, அறிந்தவன் இடத்தில் உட்கார்ந்து சொன்னார். அது இறைவனுக்காகப் பேசுவதாகாது.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். முதல் வார முளைக்கு யாரும் ஹார்டனிங் செய்வதில்லை. வேர் குழியை நிறைத்த பிறகே தண்ணீரைப் பிடிப்போம். வேரே இல்லாததைக் காயவிட்டால் அது இறுகாது, சாகும். பசித்த குழந்தை, வேலை போனவன், பிள்ளையை இழந்தவள் எல்லாம் அந்த முதல் வாரத்தில் இருப்பவர்கள். வறுமையைப் பார்த்துவிட்டு இது அவர்கள் வினை, இது பழுக்கும் காலம் என்று சொல்லிக் கடந்துபோகிற ஒரு பேச்சு நம் ஊர்களில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. சைவத்தின் பெயரில் அது சொல்லப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சிவஞான சித்தியாரில் ஓர் உவமை வருகிறது. பெற்றோர் சொற்கேளாத பிள்ளையை வளாரால் அடிப்பதும் அன்பே. இறைவன் தண்டிப்பதும் அப்படியே என்பது கருத்து. மறக்கருணை என்பார்கள். இறைவனைப் பற்றிச் சொன்னதாக அதை ஏற்கிறேன். மனிதர் அதைத் தமக்கு எடுத்துக்கொண்டதைத்தான் ஏற்க முடியவில்லை. அடிக்கிற கையில் கோபம் கலக்காமல் இருக்க மனிதரால் ஆகாது. எத்தனை வகுப்பறைகளில், எத்தனை வீடுகளில் அந்த வளார் அன்பென்று பெயர் சூட்டிக்கொண்டது!

அப்படியானால் துன்பத்தை அருள் என்று இன்னொருவருக்குச் சொல்லவே கூடாதா என்று ஐயா கேட்டார். திலகவதியார் சொன்னாரே என்றார். உண்மைதான். சூலை நோய் தாங்காமல் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்த தம்பி திருநாவுக்கரசரிடம், இது பெருமான் அருளே என்று அக்கா சொல்வதாகப் பெரியபுராணம் காட்டுகிறது. ஆனால் சொன்னவர் யார்? தமக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோது தாமும் உயிர்விடத் துணிந்து, தம்பிக்காகவே உயிர் தாங்கி இருந்தவர். அவனுக்காக நாள்தோறும் வேண்டி நின்றவர். எழுந்திரு என்று சொல்லித் திருநீறு கொடுத்து, இருள் பிரியுமுன்னே கோயிலுக்குக் கூட்டிப்போனவர். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அத்தனை ஆண்டு காவல் இருக்கிறது. சொல்லோடு கூடவே தூக்கிவிட்ட கையும் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்கிற ஒருவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

என் பண்ணையை வைத்து இறைவனை முழுக்க விளங்கிக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. ஓரிடத்தில் அது சுத்தமாக உடைகிறது. 98 குழியில் 98ம் தேறுவதில்லை. சில முளைக்காது, சில குட்டையாக நிற்கும், சிலவற்றில் குருத்து இருக்காது. விவசாயிக்குக் கொடுக்கும் நாளில் அவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு நல்லதைக் குழியில் நிரப்புகிறோம். வேறு வழியில்லை, அவர் வயலில் பார் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, ஆளுக்குச் சொல்லிவிட்டுத் தட்டுக்குக் காத்திருக்கிறார். சித்தாந்தமோ எந்த உயிரும் கழிக்கப்படுவதில்லை என்கிறது. இந்தப் பிறவியில் தேறாதது அடுத்ததில், அதிலும் இல்லாவிட்டால் அதற்கடுத்ததில். அவனுக்கு நடவுத் தேதி கிடையாது. காலம் முழுவதும் கையில் இருப்பவன் காத்திருந்து மறைக்கலாம். 25 நாளுக்குக் கட்டுப்பட்ட நான் அதைச் செய்தால் சில குழிகள் செத்துப்போகும். மனித வாழ்நாளும் அப்படி அளந்து வைத்ததுதான். மறைத்தல் அவன் தொழிலாக இருக்கட்டும். நம் கைக்கு வந்தது காத்தல் மட்டும் என்று வைத்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு.

வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவரிடம் சாதியோ சமயமோ பக்குவமோ கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததை அவர் வாதமாகச் சொல்லாமல் சோறாகப் போட்டார் என்று வகுப்பில் சொன்னேன். ஐயா இதை முழுக்க ஒப்பவில்லை. அவர் ஆறுமுக நாவலர் வழியில் படித்தவர். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று வழக்காடிய காலத்து மனத்தாங்கல் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. “அம்மா, வயிற்றுப் பசி வேற, மலம் நீங்குறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாது” என்றார். நான் சொன்னேன்: தனு கரண புவனங்களைக் கொடுத்தது மலம் நீங்குவதற்குத்தான் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? உடம்பே நிற்காவிட்டால் எதை வைத்துப் பழுப்பது? அவர் உமாபதியாரின் திருவருட்பயனை எடுத்து ‘அருளது நிலை’ அதிகாரத்தைப் புரட்டினார். அதிலிருந்து அவர் ஒரு குறளை எனக்கு எதிராகக் காட்டினார். அதே குறளை நான் என் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த வகுப்புக்கு உரையாசிரியர்கள் அந்த இடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.